பனியன் கம்பெனியில் மந்தம் வரும்போது: திருப்பூர் வேலை நிலவரத்தை எடைபோடும் முறை

"திருப்பூரில் இப்போது வேலை இருக்கிறதா?" என்று தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் என்ன பதில் சொல்வது என்று திணறியிருக்கிறேன். ஒரு கம்பெனியின் வாசலில் "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் உடனே தேவை" என்று பலகை தொங்கும் (இரண்டும் தையல் மிஷின் வகைகள்). அதற்கு நேர் எதிரே உள்ள கம்பெனியில் வாரத்துக்கு நான்கு நாள்தான் மோட்டார் ஓடும். இரண்டும் உண்மைதான். ஆகையால் கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும்: எந்தப் பிரிவில், எந்த நாட்டு ஆர்டருக்கு, வாரத்துக்கு எத்தனை ஷிப்ட்? இந்த மூன்றுக்கும் விடை தேடும் முறையையும், அந்த விடையை வைத்துக்கொண்டு இருப்பதா, மாறுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன். கைமடி எனப்படும் உதவி ஆளாக நுழைந்து, செக்கிங் மேசையில் பல ஆண்டுகள் நின்று, பிறகு தரக்கட்டுப்பாட்டுக்கு வந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது கம்பெனியின் உள்பக்கம். முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் மந்தத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊரில் மந்தம் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு மந்தமும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்திருக்கிறது. எந்த வாசல் வழியாக வந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை நாள் தங்கும் என்று ஊகிக்க முடியும்.

2011 ஜனவரியில், நொய்யலாற்றில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. அப்போது ஆர்டர் இருந்தது, தைக்க ஆளும் இருந்தது, சாயமேற்றிய துணிதான் இல்லை. ஒரு துளி கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்கு ஆலைகள் மாறிய பிறகுதான் நிலைமை சீரானது. அதற்குப் பல மாதங்கள் பிடித்தன, சிலருக்குப் பல ஆண்டுகள். 2022இல் நூல் விலை கட்டுக்கடங்காமல் ஏறி, மே 16, 17 தேதிகளில் ஊரே கடையடைத்துப் போராடியது. அந்த மந்தம் வேறு வகை: ஆர்டர் கைக்கு வந்தாலும் பேசிய விலைக்கு முடித்துக் கொடுத்தால் நட்டம் என்பதால் சிறிய கம்பெனிகள் ஆர்டரையே எடுக்கவில்லை, பெரிய கம்பெனிகள் லாபத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டின. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டிருந்த நாட்டின் கதவு பாதி சாத்தப்பட்டது. அமெரிக்காவுக்கு மட்டுமே தைத்தவர்கள் திகைத்து நின்ற அதே மாதத்தில், ஐரோப்பாவுக்குத் தைத்தவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் வழக்கம்போல் வந்தது. வரி நிலவரம் அதன்பின் மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் முடிவெடுக்கும் வாரத்தில் என்ன விகிதம் என்பதை நாளிதழில் பார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர், சாயம் போன்ற உள்ளூர்க் காரணத்தால் வரும் மந்தம் எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாகப் பிடிக்கும், விடுவதற்கும் காலமாகும். அப்படிப்பட்ட காலத்தில் கம்பெனி மாறிப் பயனில்லை. நூல் விலையால் வருவது சிறியவர்களை முதலில் பிடிக்கும். அப்போது பெரிய கம்பெனிக்கு மாறுவது புத்திசாலித்தனம். இறக்குமதி நாட்டால் வருவது அந்த நாட்டுக்குத் தைப்பவர்களை மட்டும் பிடிக்கும். அப்போது அடுத்த தெருவுக்கு மாறினாலே போதும்.

உங்கள் கம்பெனி யாருக்குத் தைக்கிறது?

பத்து ஆண்டுகள் ஒரே கம்பெனியில் வேலை செய்தும் தாம் தைக்கும் துணி எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரியாத டெய்லர்கள் ஏராளம். இதை அலுவலக அறையில் போய்க் கேட்க வேண்டியதில்லை. பேக்கிங் பிரிவின் பக்கம் ஒரு தேநீர் இடைவேளையில் நடந்து போனால் போதும்.

விலை அட்டையில் டாலர் குறி இருக்கிறதா, பவுண்டா, யூரோவா என்று பாருங்கள். விலை அட்டை இல்லையென்றால் அளவு லேபிளைப் பாருங்கள். குழந்தைகள் உடையில் 2டி, 3டி, 4டி என்று இருந்தால் அது அமெரிக்கச் சரக்கு. 92, 98, 104, 110 என்று ஆறு ஆறாக ஏறும் எண்கள் இருந்தால் ஐரோப்பாக் கண்டம்; அது குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில். இரண்டிலிருந்து மூன்று வயது, மூன்றிலிருந்து நான்கு வயது என்று வயதை அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் பிரிட்டன். ரூபாயில் அதிகபட்சச் சில்லறை விலை ஒட்டியிருந்தால், அல்லது பனியன், ஜட்டியில் 80, 85, 90, 95 என்று அளவு இருந்தால், உள்நாட்டுச் சரக்கு. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்றும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு மாதம் இப்படிக் கவனித்துவிட்டு, பெட்டிகளில் எத்தனை பங்கு எந்த நாட்டுக்கு என்று தோராயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வாங்குநருக்குப் பத்தில் எட்டுப் பெட்டி போகிறதென்றால், அந்த வாங்குநருக்குச் சளி பிடித்தால் உங்கள் கம்பெனிக்குக் காய்ச்சல் வரும். மூன்று நான்கு நாடுகளுக்குக் கலந்து போகிறதென்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று இந்தியா வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு அந்த நாட்டுச் சரக்கின் மீது இங்கே நம்பிக்கை கூடியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் என்பது கதவைத் திறப்பது மட்டுமே, அதன் வழியாக ஆர்டர் வந்து சேர்வதற்குச் சில பருவங்கள் ஆகும்.

மேலே பார்த்தால் கீழே வரப்போவது தெரியும்

ஓர் ஆர்டர் சாம்பிளில் தொடங்கி, நூல் வாங்கி, நிட்டிங் (பின்னல்) ஓட்டி, சாயமேற்றி, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்துதல்) முடித்து, கட்டிங்குக்கு வந்து, அதன் பிறகே டெய்லரின் மேசையை அடைகிறது. பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஆர்டர் உறுதியான நாளிலிருந்து பெட்டி கட்டும் நாள் வரை இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். ஆகவே தையல் பிரிவில் இன்று வேலை நிரம்பி வழிவது, மூன்று மாதத்துக்கு முன் யாரோ எடுத்த ஆர்டரின் பலன். அடுத்த தீபாவளிக்கு என்ன ஆகும் என்று தையல் பிரிவில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. மேலே உள்ள படிகளைப் பார்க்க வேண்டும்.

சாம்பிள் டெய்லரிடம் பேச்சுக் கொடுங்கள். அவருடைய மேசையில் புதுப் புது மாடல்கள் வந்துகொண்டிருந்தால் யாரோ விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பழைய மாடலையே திருத்திக்கொண்டிருந்தால் வாங்குநர் இன்னும் மனம் வைக்கவில்லை. நிட்டிங் ஓட்டும் நண்பர் யாராவது இருந்தால், இரவு ஷிப்ட் ஓடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். நிட்டிங்கில் இரவு ஷிப்ட் நின்றால், மூன்று நான்கு வாரத்தில் கட்டிங் மேசை காலியாகும். ஹோசியரி (பின்னலாடை) நூல் விலையை மில்கள் மாதத் தொடக்கத்தில் அறிவிப்பது வழக்கம்; விலை ஏறியதா இறங்கியதா என்பதைவிட, அடிக்கடி ஏறி இறங்குகிறதா என்பதே டெய்லருக்கு முக்கியம். விலை எதுவாக இருந்தாலும் நிலையாக இருந்தால் முதலாளி ஆர்டர் எடுப்பார். ஆடிக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இவற்றையெல்லாம் விட நான் நம்புவது மாலைத் தேநீரை. எங்கள் பகுதியில் பதினைந்து கம்பெனிகளுக்குத் தேநீர் கொடுக்கும் ஒரு பெரியவர், சைக்கிளில் இரண்டு பக்கமும் தூக்குப் போசியை மாட்டிக்கொண்டு வருவார். காலைத் தேநீர் எல்லாருக்கும் உண்டு. மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிந்த பிறகும் இருந்து, இரவு எட்டரை வரை அரை ஷிப்ட் கூடுதலாகச் செய்பவர்களுக்கு மட்டுமே மாலைத் தேநீர். அவர் இரண்டு போசியோடு வந்த தெருவுக்கு ஒரு போசியோடு வரத் தொடங்கியபோது, எந்தச் செய்தித்தாளும் மந்தம் என்று எழுதியிருக்கவில்லை. "ஆறு மணிக்கு எத்தனை டம்ளர் போகிறது?" என்று உங்கள் பகுதியில் தேநீர் ஊற்றுபவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் ஒளிக்காமல் சொல்வார், அவருக்கும் அதே கவலைதான்.

இன்னொரு குறி சம்பள நாள். சனிக்கிழமை மாலை கைக்கு வர வேண்டியது திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போவது ஒருமுறை நடந்தால் வங்கி விடுமுறை என்று விட்டுவிடலாம். ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக நடந்தால், அன்றைய தினமே வேறு இடத்தில் விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஷிப்ட் கணக்கு

திருப்பூரில் மந்தம் வந்தால் உடனே ஆளை நிறுத்துவதில்லை. பழகிய டெய்லரை விட்டால் திரும்பப் பிடிப்பது கடினம் என்று முதலாளிக்குத் தெரியும். அதனால் ஷிப்டைத்தான் முதலில் குறைப்பார்கள். வேலை போகவில்லை என்ற ஆறுதலில் வருமானம் எவ்வளவு போனது என்பதைப் பலர் கணக்கிடாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட். வாரச் சம்பளம் 4,500 ரூபாய். மந்தத்தில் அரை ஷிப்ட் நின்று, சனிக்கிழமையும் விடுமுறை ஆனால் ஐந்து ஷிப்ட், 2,500 ரூபாய். பெயரளவில் அதே வேலை, அதே கம்பெனி, அதே கூலி. ஆனால் வாரத்துக்கு 2,000 ரூபாய் குறைந்துவிட்டது. வீட்டு வாடகையும் சீட்டுத் தவணையும் ஒன்பது ஷிப்டை நம்பிப் போடப்பட்டவை என்பதால்தான், வேலை இருக்கும்போதே குடும்பங்கள் கடனில் விழுகின்றன. (கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதே சட்டம், அரை ஷிப்டுக்கு அரைக் கூலி என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். இந்த இடைவெளியைச் சங்கங்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகின்றன.)

ஆகவே ஒரு நோட்டில் கடந்த எட்டு வாரங்களில் எத்தனை ஷிப்ட் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எட்டு வாரத்தின் சராசரி, குடும்பத்தை நடத்தத் தேவையான ஷிப்டைவிடக் குறைந்தால், கம்பெனி எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. குடும்பத்துக்குத் தேவையான ஷிப்ட் எவ்வளவு என்பதைக் கணக்கிடும்போது, ஒன்றரை ஷிப்டை வைத்துக் கணக்கிடாமல் ஒரு ஷிப்டை வைத்துக் கணக்கிடுங்கள். வாடகை வீடு பார்ப்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கட்டும்.

யாரைக் கடைசியாக நிறுத்துவார்கள்?

நான் பார்த்த ஒவ்வொரு மந்தத்திலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். பவர் டேபிள் கான்ட்ராக்டருக்கு (வெளியே சில மிஷின்களை வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவருக்கு) கொடுக்கும் ஜாப் ஒர்க்கை முதலில் நிறுத்தி, உள்ளே இருக்கும் மிஷின்களுக்கு வேலையைத் திருப்புவார்கள். அடுத்து கைமடி, பிசிர் வெட்டுதல் போன்ற உதவி வேலைகளில் ஆளைக் குறைப்பார்கள். பிறகு ஒரே மிஷின் தெரிந்த டெய்லர்கள். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மூன்று மிஷின்களிலும் உட்காரத் தெரிந்தவரைக் கடைசி வரை வைத்திருப்பார்கள். ஆள் குறைந்த லைனில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அவரைக் கொண்டு அடைக்கலாம் அல்லவா? மிஷின் மெக்கானிக், பாய்லர் சான்றிதழ் உள்ளவர், சுத்திகரிப்பு நிலையத்தை இயக்கத் தெரிந்தவர், கணினியில் பேட்டர்ன் போடத் தெரிந்தவர் ஆகியோருக்கு மந்தத்திலும் விசாரிப்பு இருக்கும். ஏனென்றால் கம்பெனி பாதி ஓடினாலும் இவர்கள் முழுதாகத் தேவைப்படுவார்கள்.

ஆகவே ஷிப்ட் குறைந்த வாரங்களில் வீட்டில் உட்கார்ந்திருக்காமல், லைன் சூப்பர்வைசரிடம் கேட்டு உங்களுக்குத் தெரியாத மிஷினில் கழிவுத் துணியை ஓட்டிப் பழகுங்கள். மந்தமான வாரத்தில் மிஷின் சும்மா இருக்கும், சூப்பர்வைசருக்கும் நேரம் இருக்கும். ஆர்டர் நெருக்கும்போது கேட்டால் விரட்டுவார். பருத்தித் துணியில் மட்டும் கை பழகியவர்கள் பாலியஸ்டர், எலாஸ்டேன் கலந்த துணியைத் தைத்துப் பழகுவது இன்னும் நல்லது. விளையாட்டு உடைகளுக்கான அந்தத் துணி இழுபடும், வழுக்கும், ஊசிச் சூடு தாங்காது. திருப்பூர் மெல்ல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். முதலிபாளையத்தில் உள்ள பின்னலாடைக் கல்லூரியும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் இந்தத் தொழிலுக்கு ஆள் தயார் செய்கின்றன. அவற்றில் சேர்வதில் பிழையில்லை. ஆனால் ஆறு மாத ஃபேஷன் டிசைனிங் படித்துவிட்டு மெர்ச்சன்டைசர் (வாங்குநரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்) ஆகிவிடலாம் என்று தனியார் நிலையங்களில் பெரும்பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெர்ச்சன்டைசர் வேலைக்கு வேண்டியது தெளிவாக ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதும், ஒரு டி-சர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, எத்தனை மீட்டர் நூல் என்று கணக்குப் போடுவதும்தான்; இரண்டையும் ஒரு சிறிய கம்பெனியில் உதவியாளராக இருந்தே கற்றுக்கொள்ளலாம்.

வேலை கேட்டுப் போகும்போது

வாசலில் தொங்கும் பலகையைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. மழையில் நனைந்து எழுத்து வெளிறிய "ஆள் தேவை" பலகை ஆண்டு முழுதும் தொங்குவது; அதன் பொருள் அங்கே ஆள் நிற்பதில்லை என்பது. நேற்று எழுதியது போன்ற பலகை, அதிலும் எந்த மிஷினுக்கு எத்தனை பேர் என்று எழுதியிருந்தால், உண்மையான தேவை.

காலை எட்டு மணிக்கு, ஷிப்ட் தொடங்கும் முன் போங்கள். உள்ளே போகும் ஆட்களின் முகத்தையும் எண்ணிக்கையையும் பார்க்கலாம்; அவர்களில் ஒருவரிடம் பேசலாம். வாட்ச்மேனிடமோ சூப்பர்வைசரிடமோ கேட்க வேண்டியவை இவை: சம்பளம் கொடுப்பது கம்பெனியா, கான்ட்ராக்டரா? ஷிப்ட் கூலியா, பீஸ் ரேட்டா? பீஸ் ரேட் என்றால் எந்த மாடலுக்கு எவ்வளவு, டேமேஜ் வந்தால் யார் தலையில்? ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) முதல் நாளிலிருந்தா? சென்ற வாரம் எத்தனை ஷிப்ட் ஓடியது? கடைசிக் கேள்விதான் தலையானது. "நிறைய வேலை இருக்கிறதம்மா" என்பது பதில் அல்ல. "சென்ற வாரம் எட்டு ஷிப்ட் ஓடியது" என்பது பதில்.

தைத்துக் காட்டச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் என்றால் சரி. ஒரு நாள் முழுதும் தைக்க வைத்துவிட்டு, சரிப்படவில்லை என்று கூலியில்லாமல் அனுப்பும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை கிடைக்காமல் போனதற்காக வருந்த வேண்டாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கம்பெனியே ஆளைத் தேடும் ஊர் இது. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்று கிராமங்களில் சொல்லி இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துப் போகும் பேச்சையும் நம்ப வேண்டாம். செய்த வேலைக்கான சம்பளம் வாரத்துக்கு வாரமோ மாதத்துக்கு மாதமோ தவறாமல் வரும் இடம் மட்டுமே வேலை இடம்.

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிறது. மெக்கானிக், கணக்கர், சூப்பர்வைசர் வேலைகளுக்கு அங்கே போவது பயன் தரும். டெய்லருக்கு வாசல் பலகையே வேகமான வழி.

எப்போது மாறுவது?

தீபாவளி போனஸ் வாங்கும் முன் யாரும் மாறுவதில்லை, மாறவும் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்புவதில்லை; அந்த இடங்களை நிரப்ப அடுத்த இரண்டு வாரங்கள் கம்பெனிகள் ஆள் தேடும். பொங்கலுக்குப் பிறகும் இதே நிலைதான். பீகார், ஒடிசா தொழிலாளர்கள் சத் பூசைக்கும் ஹோலிக்கும் கூட்டமாக ஊருக்குப் போகும் நாள்களிலும் இடம் காலியாகும். கோடைக்கால உடைகளே திருப்பூரின் முதன்மைச் சரக்கு என்பதால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பொதுவாக வேலை நெருக்கும். அந்த நான்கு மாதத்திலும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் குறைகிறதென்றால், அது பருவ மந்தம் அல்ல, அந்தக் கம்பெனியின் நோய்.

போவதற்கு முன் கணக்கைச் சரிபாருங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் நான்கு ஆண்டுகள் வேலை செய்த ஒரு கம்பெனியில், வாரம்தோறும் சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று பிடித்திருந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது பாஸ்புக்கில் பதினோரு மாதப் பணம்தான் இருந்தது. சீட்டுகளை நான் பத்திரப்படுத்தாததால் மீதியை நிரூபிக்க முடியவில்லை. அதிலிருந்து சீட்டு கைக்கு வந்த உடனே கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறேன். உமங் செயலியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட்டுப் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள். மொத்தம் பத்து ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் ஓய்வூதியம்; எடுக்க எடுக்க அந்த எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

ஈ.எஸ்.ஐ.யில் கவனிக்க வேண்டியது 78 என்ற எண். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையும், அக்டோபரிலிருந்து மார்ச் வரையும் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள். ஒரு காலத்தில் 78 நாளாவது உங்களுக்குப் பங்களிப்பு கட்டப்பட்டிருந்தால்தான் நோய்க்காலத்தில் சம்பளத்தின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சராசரியாக மாதத்துக்கு 13 நாள். அரை ஷிப்டுகளைச் சேர்த்து நாளாக்க முடியாது. மந்தத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றால் இந்த எண்ணிக்கை மயிரிழையில் தொங்கும். எந்த மாதத்தில் விடுப்பு எடுப்பது என்பதை இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேலை இழந்தவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. வழியாக உதவித்தொகைத் திட்டம் ஒன்றும் இருந்துவருகிறது; அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால் கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய், ஆறு ஆண்டு வேலை என்றால், 13,000த்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500. ஆறு ஆண்டுக்கு 45,000 ரூபாய். நான்கரை ஆண்டில் கோபித்துக்கொண்டு வெளியேறும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒவ்வொரு தீபாவளிக்கும் கணக்கை முடித்துப் புதிதாகச் சேர்ப்பதுபோல் காட்டுவார்கள்; அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திடும் முன் ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓராண்டு முடித்தவரை வேலையில்லை என்று தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பினால் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. கேட்பவர் இல்லாததால் கொடுப்பவரும் குறைவு.

பனியனுக்கு வெளியே

பேருந்து தூரத்தில் வேறு தொழில்களும் உண்டு என்பதை இந்த ஊர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பல்லடத்தில் விசைத்தறியும் கறிக்கோழிப் பண்ணைகளும், காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும், வெள்ளக்கோவிலில் எண்ணெய் ஆலைகள், பெருந்துறையில் சிப்காட், கோவையில் பம்ப், வார்ப்படம், லேத் பட்டறைகள். கூலி பனியன் கம்பெனியின் ஒன்றரை ஷிப்டுக்கு இணையாக இராது. ஒரு ஷிப்டோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. விசைத்தறிக்கு அதன் சொந்த மந்தம் உண்டு என்பதால் அதை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மிஷின் மெக்கானிக்காக இருப்பவர் கோவைப் பக்கம் போனால் திரும்பி வர மனம் வராது. டெய்லர் போனால் மீண்டும் உதவி ஆளாகத் தொடங்க வேண்டியிருக்கும். நாற்பது வயதைத் தாண்டிய டெய்லருக்கு அது கசக்கும். அவர் காதர்பேட்டை மொத்த விற்பனைச் சந்தைக்குச் சரக்குக் கொடுக்கும் உள்நாட்டுக் கம்பெனிகளைப் பார்ப்பதே மேல். அங்கே கூலி சற்றுக் குறைவு, கெடுபிடியும் குறைவு, அமெரிக்க வரியின் நிழல் அங்கே அவ்வளவாக விழுவதில்லை.

மந்தத்தில் வேலையை விட்டுவிட்டு நான்கு மிஷின் வாங்கிப் பவர் டேபிள் போடலாம் என்று சிலருக்குத் தோன்றும். மாவட்டத் தொழில் மையம் வழியாக மானியக் கடனும் கிடைக்கிறது. மந்தத்தில் பழைய மிஷின் மலிவாகவும் கிடைக்கும். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், அந்த மிஷினை வைத்திருந்தவருக்கு ஜாப் ஒர்க் வரவில்லை என்பதே. இரண்டு கம்பெனிகளாவது வாரந்தோறும் இத்தனை பீஸ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் மட்டும் இறங்குங்கள்.

குடும்பத்தில் இருவர் வேலைக்குப் போகிறார்கள் என்றால், இருவரும் ஒரே கம்பெனியில் இருப்பது வசதிதான். ஒரே வண்டி, ஒரே நேரம், சாப்பாட்டுத் தூக்கும் ஒன்று. என் வீட்டில் நாங்கள் அந்த வசதியை விட்டுவிட்டோம். நான் ஐரோப்பாவுக்குத் தைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். மனைவி உள்நாட்டு ஜட்டி, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அவளுக்கு ஆறு நாளும் ஒரு ஷிப்ட்தான், அரை ஷிப்ட் கிடையாது. 2025 செப்டம்பரில் எங்கள் தெருவில் வாடகை தவறாமல் கொடுத்த சில வீடுகளில் எங்களுடையதும் ஒன்று.